சித்தப்பா பண்ணின ஹெல்ப்

போன சனிக்கிழமை காலை, வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்ஸ் வாசலில், பழைய இரும்பும் போத்தலும் வாங்குகிற சிங்கள மனிதர் ஒருவர் அந்தக் கேம்ப் கட்டிலை விரித்துப் பார்த்தார். கன்வஸ் துணியில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். கால்களை மடக்கினார், நீட்டினார். இரும்பு கிறீச்சிட்டது, எனக்குப் பல் கூசியது. "தாம ஹொந்தய் நே மஹத்தயா" என்றார். இன்னும் நல்லாத்தானே இருக்கிறது ஐயா, ஏன் எறிகிறீர்கள் என்று கேட்கிறார். அது என் சித்தப்பாவின் கட்டில். அவர் செத்து வருஷத் திவசமும் முடிந்துவிட்டது. கட்டில் மட்டும் என் ஹோல் கதவுக்குப் பின்னால் மடங்கி நின்றுகொண்டிருந்தது. அதைக் காணும்போதெல்லாம் எனக்கு அருவருப்பு வரும். ஒரு கட்டிலைப் பார்த்து ஆருக்கும் அருவருப்பு வருமோ என்று கேட்பீர்கள். வரும். சொல்கிறேன், கேளுங்கள்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கொழும்பில் 'உதவி' என்ற சொல்லை வாயால் சொல்கிறவர்கள் குறைவு. எல்லாம் ஹெல்ப்தான். கீழ் வீட்டு டீச்சர் காஸ் சிலிண்டரை வாசலில் வைத்துக்கொண்டு, "தம்பி, ஒரு சின்ன ஹெல்ப்" என்பார். துறைமுகத்துச் சாமான்களை எடுத்துக் கொடுக்கிற, நான் வேலை செய்கிற கொட்டாஞ்சேனை கிளியரிங் ஒபிசில் பக்கத்து மேசைக்காரர், "அண்ணை, ஹாபர் பக்கம் போறியளோ, ஒரு ஹெல்ப்" என்று ஒரு கட்டுக் காகிதத்தை நீட்டுவார். இதில் வேடிக்கை என்னவென்றால், சந்திக் கடைச் சிங்கள முதலாளி சாக்கைத் தூக்க ஆள் தேடும்போது "மல்லி, பொடி உதவ்வக்", தம்பி ஒரு சின்ன உதவி, என்றுதான் கூப்பிடுவார். எங்கள் சொல்லின் உடன்பிறப்புப் போல ஒரு சொல்லைச் சிங்களவர் புழங்கிக்கொண்டிருக்க, தமிழர் நாங்கள் வெள்ளைக்காரன் விட்டுப்போனதை எடுத்து வைத்திருக்கிறோம்.

ஏன் என்று நான் யோசித்துப் பார்த்திருக்கிறேன். உதவி என்று சொன்னால் கொஞ்சம் குனிய வேண்டியிருக்கிறது. அது மனுவில் எழுதுகிற சொல், கோயில் நோட்டீசில் அச்சடிக்கிற சொல். 'உதவி செய்யுங்கோ' என்று கேட்டுவிட்டு நிமிர்ந்து நிற்க முடியாது. 'ஹெல்ப்' அப்படியில்லை. லிஃப்ட் கதவைக் காலால் மறித்துக்கொண்டே கேட்கலாம். சிலிண்டரைத் தூக்கி உள்ளே வைத்தாயிற்று, "தாங்ஸ் தம்பி" என்றாயிற்று, கதவும் சாத்தியாயிற்று. அடுத்த நாள் படியில் கண்டால் டீச்சருக்கும் அது ஞாபகம் இல்லை, எனக்கும் இல்லை. செய்த இடத்திலேயே முடிந்துபோவதுதான் அந்தச் சொல்லின் அழகு. எங்கள் சித்தப்பா அதை முடியவே விடவில்லை.

சித்தப்பா என் அப்பாவின் ஒரே தம்பி. அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் தலைமை எழுதுவினைஞராக இருந்தவர். ஊரில் எல்லோரும் வளவும் கிணறுமாக இருந்த காலத்திலேயே வெள்ளவத்தையில், காலி வீதிக்குக் கடற்கரைப் பக்கமாக, ஒரு பிளாட் வாங்கிப்போட்டார். அரைக்கை வெள்ளைச் சேட்டு, பொக்கற்றில் பேனை, நெற்றியில் மெல்லிய திருநீற்றுக் குறி. ஆளைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து இறங்கிய எங்கள் சொந்தங்களுக்கெல்லாம் அந்த பிளாட்தான் முதல் வாசல். பாஸ்போர்ட் எடுக்க வந்தவர்கள், எம்பசி இன்டர்வியூவுக்கு வந்தவர்கள், கண் ஒப்பரேஷனுக்கு வந்தவர்கள், வெளிநாடு அனுப்புகிறேன் என்ற ஏஜென்டை நம்பி மாதக்கணக்கில் காத்துக் கிடந்தவர்கள். அவர்களுக்காக ஹோலில் விரிக்கப்பட்டதுதான் அந்தப் பச்சை நிறக் கேம்ப் கட்டில். கொழும்பில் வந்து தங்குகிற தமிழர் பொலிசில் பதிய வேண்டிய காலம் அது, வந்தவர்களை அவரே கூட்டிக்கொண்டு போவார். சிங்களத்தில் கதைத்து, சிரித்து, காரியத்தை முடித்துக்கொண்டு வருவார். இதெல்லாம் உண்மை. அவர் செய்யாததைச் சொன்னார் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். செய்ததைத்தான் சொன்னார். அதைத்தான் காது கொடுத்துக் கேட்க ஏலாது.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. கலியாண வீடோ, செத்த வீடோ, கோயில் வீதியோ, நாலு பேர் கூடி நிற்கிற இடத்தில் தன் வீட்டில் தங்கிப்போன ஒருவரைக் கண்டுவிட்டால் போதும். ஒரு கனைப்புக் கனைப்பார். தொண்டையில் சளி இல்லாத கனைப்பு. பிறகு அந்த ஆளின் முதுகில் கையை வைத்து, "இவர் ஆரெண்டு தெரியுமோ?" என்று தொடங்குவார். "இப்ப பெரிய டொக்டர். லண்டனில வீடு. ஆனா எங்கட ஹோலில, கேம்ப் கட்டிலில படுத்தெழும்பினவர். நான் அண்டைக்கு ஹெல்ப் பண்ணினபடியால்..." வசனத்தை முடிக்கமாட்டார். கையை விரித்துவிட்டு, வானத்தைப் பார்ப்பார். மிச்சத்தைக் கேட்கிறவர்கள் தாங்களே போட்டுக்கொள்ள வேண்டும். அந்த டொக்டர் கோட்டும் சூட்டுமாக நின்று அசட்டுச் சிரிப்புச் சிரிப்பார். வேறென்ன செய்வது? இல்லை என்று சொல்ல ஏலுமோ? படுத்தது உண்மைதானே. நான் பார்த்திருக்கிறேன், சித்தப்பா ஒரு மண்டபத்துக்குள் நுழைந்தால் சிலபேர் மெல்லக் கைகழுவுகிற பக்கம் நழுவிப்போவார்கள்.

நானும் அக்காவும் அந்த ஹோலில் இருந்திருக்கிறோம். அக்காவுக்குக் கொள்ளுப்பிட்டியில் ஒரு கம்பனியில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்து வந்தோம். நான் வேலை தேடி அவளோடு வந்தவன். அக்காவுக்குக் கட்டில், எனக்குக் கீழே பாய். சின்னம்மா, அதாவது சித்தப்பாவின் மனைவி, ஒரு கயிற்றைக் கட்டி அதில் படுக்கை விரிப்பொன்றைத் தொங்கவிட்டு எங்களுக்கு ஒரு மறைப்புச் செய்து தந்தார். அந்த வீட்டில் ஹெல்ப் என்று சொல்லாமல் ஹெல்ப் பண்ணினவர் அவர் ஒருவர்தான். வந்தவன் போனவன் எல்லோருக்கும் புட்டு அவித்ததும் அவர்தான், அந்தக் கட்டில் துணியைக் கழற்றிக் கழுவினதும் அவர்தான். சித்தப்பா விடியற்காலையில் வந்து ஹோல் லைட்டைப் போட்டு, ரேடியோவையும் திருப்பிவிட்டு, "எழும்புங்கோ, எழும்புங்கோ, ஆக்கள் வந்தால் என்ன நினைப்பினம்" என்பார். வருகிற ஆட்களுக்குக் கட்டில் கதையைச் சொல்லிக் காட்டுவதும் அவரேதான்.

அக்கா சும்மா இருந்து தின்னவில்லை. வேலைக்குப் போகுமுன் தேங்காய் திருவி, சம்பல் இடித்து, சித்தப்பாவின் மகனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். அப்பா ஊரில் தபாலதிபர், மானஸ்தன். பிள்ளைகள் தம்பி வீட்டில் இருக்கிறார்களே என்று லொறிக்காரர்களைப் பிடித்து நல்லெண்ணெய், ஒடியல், பனங்கட்டி, வெங்காயம் என்று அனுப்பியபடி இருந்தார். சித்தப்பா அவற்றைப் பக்கத்து பிளாட்களுக்குப் பங்குபோட்டுக் கொடுத்து, "ஊரிலயிருந்து எடுப்பிச்சனான்" என்பார். அண்ணன் அனுப்பினது என்று ஒரு வார்த்தை வராது. அட கோதாரி, அந்த நல்லெண்ணெய் மணத்துக்கே வாயிருந்தால் கத்தியிருக்கும்.

பிறகு அக்காவுக்குக் கலியாணம் சரிவந்தது. கொட்டாஞ்சேனையில் இருக்கிற குடும்பம், மாப்பிள்ளை துறைமுகத்தில் நல்ல உத்தியோகம். நிச்சயத்துக்கு நாள் வைத்தபோது சண்டையால் யாழ்ப்பாணப் பாதை பூட்டிக்கொண்டது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கொழும்புக்கு வரப் பாஸ் கிடைக்கவில்லை. சித்தப்பாவின் பிளாட்டிலேயே, தகப்பன் இடத்தில் அவர் நிற்க வேண்டியதாயிற்று. எங்கள் ஆட்களின் வழக்கம் தெரியும்தானே. இரண்டு பகுதியும் எதிரெதிரே கதிரைகளில் இருந்து, தங்கள் ஆட்களை ஒவ்வொருவராகச் சொல்லி அறிமுகப்படுத்த வேண்டும். இவர் பெரிய மாமா, வங்கியில் இருக்கிறார். இவ ஒன்றுவிட்ட சகோதரி, டீச்சர். தலையை ஆட்டிச் சிரித்து, பற்றீஸ் கடித்துக்கொண்டு கேட்க வேண்டும். சித்தப்பா எல்லோரையும் ஒழுங்காகத்தான் சொல்லிக்கொண்டு வந்தார். அக்கா தேத்தண்ணித் தட்டத்தோடு வந்து நின்றாள். அப்போது அந்தக் கனைப்புக் கேட்டது.

"இவவை ஆரெண்டு நினைக்கிறியள்?" என்றார் சித்தப்பா. பொம்பிளையை ஆரென்று தெரியாமலா வந்திருக்கிறார்கள்! "ஒரு தோள்பையோட வந்து நிண்டவ. தகப்பன் அனுப்பிப்போட்டுத் தன்ர பாட்டில இருந்திட்டார். எங்கட ஹோலில, அந்தா, அந்தக் கேம்ப் கட்டிலிலதான் படுத்தெழும்பினவ. நாங்கள் ஹெல்ப் பண்ணியிருக்காட்டி இண்டைக்கு..." கையை விரித்தார். மேலே பார்த்தார். சபையில் ஒரு பெண்பிள்ளையைப் பற்றிச் சொல்லுகிற கதையா அது? சின்னம்மா குசினி வாசலில் நின்று கண்ணை மூடிக்கொண்டார். அக்காவின் கையில் தட்டம் ஆடவில்லை. ஆனால் அவள் முகத்தில் இருந்த சிரிப்பு வடிந்துபோனதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் தாய் கதவுக்குப் பின்னால் இருந்த கட்டிலைத் திரும்பி ஒருமுறை பார்த்தார். பிறகு அக்காவை மேலிருந்து கீழாகப் பார்த்தார். 

கலியாணம் குழம்பியிருந்தால்கூடப் பரவாயில்லை. குழம்பவில்லை. நடந்தது. நகையோடும் உடுப்போடும் அந்த வசனமும் கொட்டாஞ்சேனைக்குப் போய்ச் சேர்ந்தது. அக்காவின் மாமியார் அதை எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொண்டார். அக்கா ஒரு புது மெத்தை வாங்க வேண்டும் என்றால், "கேம்ப் கட்டிலில கிடந்தவைக்கு இப்ப ஸ்பிரிங் மெத்தை கேக்குது" என்பார். சமையலில் உப்புக் கூடினால், "ஆற்றையோ வீட்டில ஒண்டிக் கிடந்தவ, ருசி எங்க தெரியப்போகுது" என்பார். அத்தான் கெட்டவர் இல்லை. பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார், அவ்வளவுதான். அப்பாவின் காதுக்கும் இது போனது. பாதை திறந்து கொழும்புக்கு வந்தபோது தம்பி வீட்டுப் படி ஏறாமல், பம்பலப்பிட்டியில் ஒரு லொட்ஜில் தங்கிவிட்டுப் போனார். சித்தப்பா அதற்கும், "அண்ணருக்கு நன்றி மறந்துபோச்சு" என்று கோயிலில் ஆட்களுக்குச் சொன்னாராம். சீ!

அக்கா ஒருநாள் என் ஒபிசுக்கு வந்தாள். கீழே தேத்தண்ணிக் கடையில் இருந்து கதைத்தோம். அழவில்லை அவள். "தம்பி, சித்தப்பா சொன்னதைக்கூட நான் பொறுப்பன்டா. இந்த மாமி மனிசி அதைக் காதால கேட்டுப்போட்டுதே, அதைத்தான் பொறுக்கேலாமல் கிடக்கு. நான் என்ன செய்தாலும் கடைசியில அந்தக் கட்டிலில கொண்டுபோய்க் கிடத்துது" என்றாள். மகள் அப்போது கைக்குழந்தை, மடியில் நித்திரை. அதன் தலையைத் தடவிக்கொண்டு, "எனக்கு நடந்தது நடந்துது. இவளுக்குப் பின்னால இந்தக் கதை போகக்கூடாது. அது மட்டும்தான்" என்றாள். அதற்குப் பிறகு சித்தப்பா வீட்டுப் பக்கம் அவள் போனதேயில்லை. சின்னம்மா செத்தபோது மட்டும் பொரளையில் மலர்ச்சாலைக்கு வந்து, பெட்டிக்குப் பக்கத்தில் நின்று விம்மி விம்மி அழுதுவிட்டு, சித்தப்பாவின் முகத்தைப் பார்க்காமலே திரும்பிப் போனாள்.

காலம் போனது. சித்தப்பாவின் மகன் கனடாவில். பிளாட்டை விற்கப்போவதாக ஒருநாள் வட்ஸ்அப்பில் கோல் எடுத்தான். "அண்ணா, ஒரு சின்ன ஹெல்ப்" என்றான். தகப்பனைக் கொஞ்ச நாளைக்கு வைத்திருக்க வேண்டுமாம். விசா அலுவல் முடிந்ததும் கூப்பிட்டுவிடுவானாம். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். ஏன் ஓம் என்றேன் என்று என் மனைவி இன்றைக்கும் கேட்பாள். சின்னம்மா கட்டித் தந்த அந்த மறைப்பு ஞாபகம் வந்தது, அதுதான் ஓம் என்றேன். சித்தப்பாவின் முகத்துக்காக இல்லை. சித்தப்பா ஒரு ஓட்டோவில் வந்து இறங்கினார். பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்திருந்தது. ஓட்டோவின் மேலே கயிறு போட்டுக் கட்டியிருந்தது என்ன தெரியுமோ? அந்தக் கேம்ப் கட்டில். "எங்கட வீட்டில நல்ல கட்டில் இருக்கு மாமா, இந்தப் பழசு ஏன்?" என்று என் மனைவி கேட்டாள். "அது கனபேருக்கு ஹெல்ப் பண்ணின கட்டில், பிள்ளை" என்றார் அவர். ஹோலில்தான் படுப்பேன் என்று நின்றார். போகிறவர் வருகிறவர் எல்லோரும் கண்ணில் படுகிற இடம் அதுதானே.

அவரைத் தூக்கி எழுப்புவது, குளிக்க வார்ப்பது, துடைப்பது எல்லாம் என் வேலையாயிற்று. மூத்திர வாசமும் தைல வாசமும் கலந்து வீட்டில் நின்றது. அதில் எனக்கு அருவருப்பில்லை. வயது போனால் எல்லோருக்கும் வருகிறதுதான். கை கால் பயிற்சி கொடுக்க ஒரு சிங்களப் பிள்ளை வருவாள். நான் அவர் வேட்டியை மாற்றிக்கொண்டு குனிந்து நிற்கிற நேரம் பார்த்து, ஒரு கனைப்புக் கனைத்து, சரியாக வராத வாயால் அவளிடம், "மே மகே ஐயாகே புதா. மம தமய் உதவ் களே" என்றார். இது என் அண்ணனின் மகன், நான்தான் இவனுக்கு உதவி செய்தேன் என்கிறார். அவருடைய பீத்துணி என் கையில் இருக்கிறது! அந்தப் பிள்ளை என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிச் சிரித்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு குளியலறைக்குப் போய்ப் பைப்பைத் திறந்துவிட்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் அக்காவின் மகளுக்குச் சம்பந்தம் பொருந்தியது. அக்காவின் மாமியார் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். மாப்பிள்ளையின் தகப்பனுக்கு முழங்கால் வருத்தம். கொட்டாஞ்சேனை வீட்டின் செங்குத்துப் படி ஏறமாட்டார். லிஃப்ட் இருக்கிறது என்பதால் நிச்சயத்தை என் பிளாட்டில் வைக்கலாம் என்று முடிவாயிற்று. முடிவான பிறகுதான் எல்லோரும் ஹோலைப் பார்த்தோம். அதே கட்டில். அதே மனிதர். அதே வழக்கம், இரண்டு பகுதியும் எதிரெதிரே இருந்து ஆட்களைச் சொல்லுகிற வழக்கம். அவர் வாய் கோணியிருந்தாலும் அந்த ஒரு வசனத்துக்கு மட்டும் கோணாது என்று எனக்குத் தெரியும்.

அன்றைக்கு ஒருநாள் மட்டும் அவரை எங்கேயாவது அனுப்பலாம் என்று என் மனைவி சொன்னாள். அந்தக் கட்டிலில் படுத்து முன்னுக்கு வந்தவர்களில் சிலர் கொழும்பிலேயே இருக்கிறார்கள். நான் வெட்கத்தை விட்டு ஒவ்வொருவருக்கும் கோல் எடுத்தேன். ஒருவருக்கு அன்று ஹொஸ்பிட்டல், ஒருவருக்கு நுவரெலியா பயணம், ஒருவர் "ஐயோ, அவரையோ?" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடைசியில் அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்துவோம் என்றேன். அக்காதான் மறித்தாள். "ஒளிச்சு வைச்சால் உள்ள இருந்து கத்துவார். இருக்கட்டும். நான் பாத்துக்கொள்ளுறன்" என்றாள். என்னத்தைப் பார்க்கப்போகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் என் மனதுக்குள் நான் வேறொன்று தயார்செய்து வைத்திருந்தேன். தாய்மாமன் நான்தானே ஆட்களை அறிமுகப்படுத்த வேண்டும். சித்தப்பாவின் முறை வரும்போது சொல்ல ஒரு வசனம். 'இவர் ஆரெண்டு தெரியுமோ? பெரிய உத்தியோகம் பார்த்தவர். ஆனா இப்ப எங்கட ஹோலில, கேம்ப் கட்டிலில...' அவர் தொடங்கும் முன்பே அவருடைய வாயை அவருடைய வசனத்தாலேயே அடைத்துவிட வேண்டும். பஸ்ஸில் போகும்போது உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தேன். இனித்தது.

அன்று காலை அவரைக் குளிக்க வார்த்து, வெள்ளைச் சேட்டுப் போட்டு, திருநீறு பூசி, கட்டிலின் விளிம்பில் இருத்தினோம். மாப்பிள்ளை பகுதி வந்து இருந்தார்கள். நான் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தேன். கட்டிலுக்குக் கிட்டே வந்ததும், எல்லோருடைய கண்ணும் அங்கே போனது. சித்தப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த ஒரு பார்வையில் எனக்கு விளங்கிவிட்டது: நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அவருக்குத் தெரியும். அவர் கண்டுபிடித்த வசனமல்லவா, தெரியாமல் போகுமோ? தலையைக் குனிந்துகொண்டார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா என்னைத் தாண்டி முன்னால் வந்துவிட்டாள்.

"இது எங்கட சித்தப்பா" என்றாள். 

அவ்வளவுதான். சொல்லிவிட்டு மாப்பிள்ளையின் தாய்க்கு ரோல்ஸ் தட்டத்தை நீட்டினாள். சித்தப்பா இன்னும் குனிந்துகொண்டே இருந்தார். மிச்ச வசனத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தார். அவருடைய வாழ்நாளில் ஒருவரை அறிமுகப்படுத்தினால் அதற்குப் பிறகு ஒரு மிச்சம் வந்தே தீரும். வரவில்லை என்று தெரிந்ததும் மெல்லத் தலையைத் தூக்கி அக்காவைப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்க்க எனக்கே ஒரு நிமிஷம் நெஞ்சு இளகியது. சரி, ஆள் திருந்திவிட்டார், அழப்போகிறார் என்றுகூட நினைத்தேன். விசரன் நான். மாப்பிள்ளையின் தகப்பன் மரியாதைக்காக, "ஐயா இங்கதான் இருக்கிறாரோ?" என்று கேட்டார். சித்தப்பா கனைத்தார்.

"ஓம்" என்றார். "பிள்ளையளுக்கு ஒரு ஹெல்ப்பா இருக்கட்டுமெண்டு வந்து நிக்கிறன்."

மாப்பிள்ளையின் தகப்பன் பக்தியோடு தலையை ஆட்டினார். பெரியவர்கள் வீட்டில் இருப்பதே ஒரு பலம்தான் என்றார். சித்தப்பா ஓமோம் என்றார். அக்கா தட்டத்தை மேசையில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போனாள். அழுகிறாளோ என்று பின்னால் ஓடினேன். சிங்க்கைப் பிடித்துக்கொண்டு, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர். "பாவம் பாக்கவும் விடுறாரில்லையடா மனுசன்!" என்றாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, "ஆனா பிள்ளையைப் பற்றி ஒண்டும் சொல்லேல்ல. என்னைப் பற்றியும் சொல்லேல்ல. அது காணும்" என்றாள். அவளுக்கு அது போதும். எனக்குக் காணாது. பஸ்ஸில் சொல்லிப் பார்த்து இனித்த என் வசனம் வயிற்றுக்குள் கிடந்து புளித்தது. 

சில மாதத்தில் சித்தப்பா அந்தக் கட்டிலிலேயே போய்விட்டார். பொரளையில் பெட்டிக்குப் பக்கத்தில் லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் வந்த மலர்வளையங்கள் வரிசையாக நின்றன. ஆட்கள் வரவில்லை. கட்டிலை மடக்கிக் கதவுக்குப் பின்னால் வைத்தேன். எறிய நினைத்து நினைத்து விட்டுவிட்டேன். இரும்பு நல்ல இரும்பு.

இரண்டு கிழமைக்கு முன் என் மனைவியின் தம்பி முறையான ஒருவர் கண் பரிசோதனைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தார். பிள்ளைகளின் அறையில் இடமில்லை. கட்டிலை விரித்தோம். காலையில் அவரே எழும்பி, துணியை உதறி, கட்டிலை மடக்கி வைத்துவிட்டு, "பெரிய ஹெல்ப் அத்தான்" என்றார். அவரைக் கூட்டிக்கொண்டு லிஃப்டுக்குள் போனேன். கீழ் வீட்டு டீச்சர் உள்ளே நின்றார். "ஆர் தம்பி இவர்?" என்று கேட்டார். 

என் தொண்டையில் கனைப்பு வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், சளி இல்லை. என் கை தானாக எழும்பி அந்த மனிதரின் முதுகுப் பக்கம் போனது. டீச்சர் காத்துக்கொண்டிருந்தார். "மனிசியின்ர தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையை இழுத்துப் பொக்கற்றுக்குள் விட்டேன். லிஃப்ட் கீழே போகும்வரை என்னையே எனக்குப் பிடிக்கவில்லை. சித்தப்பா செத்துவிட்டார், அவருடைய கனைப்பை நான் எங்கே வாங்கினேன்? அந்த ஹோலில், கட்டிலுக்குக் கீழே பாயில் படுத்திருந்த காலத்தில் வாங்கியிருக்க வேண்டும்.

அதனால்தான் போன சனிக்கிழமை இரும்புக்காரரின் சத்தம் கேட்டதும் கட்டிலைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். "தாம ஹொந்தய் நே" என்று அவர் இன்னொரு முறையும் சொன்னார். ஓம், இன்னும் ஒருவர் படுக்கலாம். அதுதான் எனக்குப் பயம். கொண்டுபோங்கள் என்று கையைக் காட்டினேன். அவர் கட்டிலை மடக்கி, ஒரு பக்கத்தைத் தூக்கிப் பார்த்தார். தள்ளுவண்டியின் உயரத்துக்குத் தனியே ஏற்ற ஏலவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து, "மஹத்தயா, பொடி உதவ்வக்" என்றார்.

நான் மற்றப் பக்கத்தைப் பிடித்தேன். இரண்டு பேருமாகத் தூக்கி வண்டியில் வைத்தோம். அவர் கயிற்றை இழுத்துக் கட்டினார், தலையை ஒருதரம் ஆட்டினார், வண்டியைத் தள்ளிக்கொண்டு காலி வீதிப் பக்கம் திரும்பிப் போய்விட்டார்.